பின்னாலிருந்து ஒரு தோத்திரம்

"…முட்டிவலி இருக்கறவங்ககூட இங்க தாராளமா நடக்கலாம்" என்று போனில் இன்பசேகரனின் குரல் சொல்லி முடித்தது. அதற்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி நிற்கிற மாதிரி, ஒரு பெண் குரல், "நடக்கலாம்" என்றது.

லோயிஸ் ரசத்தை இறக்கி வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஓட்டிக் கேட்டாள். காற்று, தைல மரங்கள் உரசும் சத்தம், எங்கேயோ ஆட்டின் கழுத்து மணி, புருஷனின் செருப்புச் சத்தம், அவருடைய அந்த வாத்தியார்க் குரல், அப்புறம் அது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, பக்கத்தில் இருக்கிற ஆளுக்கு மட்டும் கேட்டால் போதும் என்று சொன்ன மாதிரி ஒரே ஒரு வார்த்தை.

குளியலறையில் இன்பசேகரன் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டே கீர்த்தனை பாடிக்கொண்டிருந்தார். நல்ல சந்தோஷமான குரல். அந்தச் சந்தோஷம்தான் லோயிஸுக்குப் பொறுக்கவில்லை.

ஐம்பதைத் தாண்டிய கணக்கு வாத்தியாருக்கு இதெல்லாம் தேவையா என்று நீங்கள் கேட்கலாம். லோயிஸும் அதையேதான் கேட்டுக்கொண்டாள். போன வருஷம் வகுப்பில், கரும்பலகைக்கு முன்னாலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த மனுஷன். திருப்பதி ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்து அனுப்பும்போது, தினமும் நடக்க வேண்டும், பயமோ அதிர்ச்சியோ கூடவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை அவர் சட்டைப் பையிலும் இருக்க வேண்டும், லோயிஸின் கைப்பையிலும் இருக்க வேண்டும். அன்றிலிருந்து, ராத்திரி விழிப்பு வரும்போதெல்லாம் அவர் மூக்கருகே கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அவள் திரும்பிப் படுப்பாள். அந்த மூச்சு மட்டும் இருந்தால் போதும், வேறு எதுவும் கேட்க மாட்டேன் என்று வேண்டிக்கொண்டவள். வேண்டும்போது இப்படி ஒரு வில்லங்கம் வரும் என்று யாருக்குத் தெரியும்?

நடக்கச் சொன்னால் சும்மா நடப்பாரா? சித்தூர் சபையில் 'நடை ஐக்கியம்' என்று ஒரு கூட்டத்தையே சேர்த்துவிட்டார். மாதத்தில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து பெரியவர்கள், பிள்ளைகள் எல்லாரும் கிளம்பி, ஏரிக்கரை, தோப்பு, பழைய கோட்டை, கல் மண்டபம் என்று மூச்சு வாங்காத தூரத்துக்கு ஒரு நடை. நடுவில் நிழல் பார்த்து உட்கார்ந்து எலுமிச்சம்பழச் சாதம். கைகோத்து நின்று ஒரு ஜெபம். இன்பசேகரன் ஜெபத்தை ஆரம்பித்தால் லேசில் முடியாது. கண்ணை மூடினால் ஆமென் வரைக்கும் திறக்கக் கூடாது என்பது அந்தக் குடும்பத்துச் சட்டம். அவருடைய நைனா பிரம்பு வைத்துக்கொண்டு பழக்கியது. சந்திரகிரிக் கோட்டைக்குப் போனபோது, ஜெபத்துக்கு நடுவில் குரங்குகள் வந்து சாதப் பையைத் தூக்கி, பிரித்து, பங்கு போட்டு, சாவகாசமாகத் தின்றுவிட்டுப் போயின. சத்தம் எல்லாருக்கும் கேட்டது. ஒருத்தர் கண் திறக்கவில்லை. "கண்ண தொறந்திருந்தா மட்டும் கொரங்கு குடுத்துட்டு போயிருக்குமா?" என்றார் இன்பசேகரன், ஆமென் சொன்ன பிறகு. இன்றைக்கும் சபையில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

கூட்டத்தை அழைத்துப் போவதற்கு முன்னால், சனிக்கிழமை சாயங்காலம் அவர் மட்டும் ஸ்கூட்டரில் போய் வழி பார்த்துவிட்டு வருவார். நடந்துகொண்டே போனில் பேசிப் பதிந்து குழுவுக்கு அனுப்புவார்: இங்கே முள் இருக்கிறது, இங்கே நிழல் இருக்கிறது, இங்கே உட்காரக் கல் இருக்கிறது. முன்பெல்லாம் லோயிஸும் கூடப் போவாள். மாம்பழக் காலம் வந்ததும் அது நின்றுபோயிற்று. மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் சாம்பிள் பார்க்கிற வேலை அவளுக்கு; தோத்தாபுரி மாங்காய் லாரிகள் கேட்டில் வரிசை கட்டிவிட்டால் சனி ஏது, ஞாயிறு ஏது?

ஆனால் ஒன்று. லாரிகள் வர ஆரம்பித்ததிலிருந்து இன்பசேகரன் வேறு எந்த இடத்துக்கும் போகவில்லை. வாரா வாரம் அதே பாறையேரிதான். ஒரு ஏரிக்கு எத்தனை தடவைதான் வழி பார்ப்பார் ஒரு மனுஷன்?

அந்த ஏரி லோயிஸுக்கும் தெரியும். சீசனுக்கு முன்னால் ஒரே ஒரு தடவை அவரோடு போயிருக்கிறாள். காணிப்பாக்கத்துக் கூட்டத்தையும் தேங்காய்க் கடைகளையும் தாண்டி, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே கொஞ்ச தூரம் போனால் சத்தமெல்லாம் பின்னாலேயே நின்றுவிடும்; கரைக்கு ஒரு பக்கம் புளியந்தோப்பும் அதன் ஈரப் புளிப்பு வாசனையும், இன்னொரு பக்கம் பாசி படர்ந்து அசையாமல் கிடக்கிற தண்ணீர், நடுவில் மாட்டு வண்டி போகிற அகலத்துக்கு மேடு பள்ளமில்லாத கரை, கரை முடிகிற இடத்தில் மதகு, மதகுக்கு அந்தப் பக்கம் தைலத் தோப்புக்குள், வெள்ளைக்காரப் பாதிரியார் காலத்தில் கட்டி, ஓடு சரிந்து, சுவர் மட்டும் நிற்கிற மிஷன் பங்களா. நடக்கவென்றே செய்து வைத்த இடம் என்று இன்பசேகரன் குதூகலித்துப் போனார்.

கரை ஏறுகிற இடத்தில் ஆடு ஓட்டிக்கொண்டிருந்த ரங்கையா என்பவர்தான் பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டு ஒன்று சொன்னார். "அம்மா, ஈ செருவு கட்ட மேல, இந்த ஏரிக்கரைல, வெனக்க நுஞ்சி… பின்னாலேந்து யாரு கூப்ட்டாலும் பதிலு குடுக்காதீங்க. மொகத்த பாத்துட்டு அப்புறம் வாய தொறங்க."

லோயிஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாங்க சர்ச்சுக்கு போறவங்கப்பா. எங்களுக்கு இந்த மாதிரி பயமெல்லாம் இல்ல."

"மீ இஷ்டம்மா" என்றார் ரங்கையா.

திரும்பி வரும்போது இன்பசேகரன் போனில் பேசிக்கொண்டே முன்னால் போய்விட்டார். லோயிஸின் செருப்பில் முள் ஏறிவிட்டது. குனிந்து அதைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னால், புளியந்தோப்புப் பக்கமிருந்து யாரோ "தோத்திரம்" என்றார்கள்.

சபைக்காரர்களுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி. தெருவில், பஸ்ஸில், கல்யாணத்தில், துக்கத்தில், எங்கே யார் சொன்னாலும் வாய் தானாகத் திருப்பிச் சொல்லிவிடும். முள்ளிலேயே கண்ணாக இருந்த லோயிஸும் "தோத்திரங்க" என்று சொல்லிவிட்டுத்தான் நிமிர்ந்தாள். ஆள் இல்லை. பங்களா பார்க்க வந்த யாரோ தோப்புக்குள் இறங்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு நடந்தாள். ரங்கையா மட்டும் தூரத்தில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இன்பசேகரன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். போனை நீட்டி, "யாருங்க இது?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நெஞ்சில் கம்பி வைத்திருக்கிற ஆளிடம் எதை, எப்படிக் கேட்பது? தவிர, கேட்டால் பதில் வந்துவிடுமே. அதற்கும் பயமாக இருந்தது. பார்த்துக்கொண்டிருப்போம் என்று வைத்துக்கொண்டாள்.

பார்க்க ஆரம்பித்தால்தான் தெரிகிறது, ஒரு மனுஷன் எவ்வளவு தடயம் விட்டுவைக்கிறான் என்று. ஒரு நாள் மல்லிகைப் பூ வாங்கி வந்தார். லோயிஸுக்கு மல்லிகை ஆகாது. மண்டையைப் பிளந்துவிடும். கல்யாணத்தன்றே துணிப்பூ வைத்துக்கொண்டவள் அவள்.

"இன்னாங்க இது புதுசா?"

"நீதான ஆசையா கேட்ட?"

"நானா? எப்போ?"

அவர் உள்ளறைப் பக்கம் பார்த்தார். அங்கே அவருடைய தங்கை லீனா துணி மடித்துக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்தி, கண்ணடித்து, "சரி சரி, வீட்ல பேசக் கூடாதுன்னு சொன்ன இல்ல, மறந்துட்டேன்" என்றார். பூவை எடுத்துக்கொண்டு போய் அவரே ஃபிரிட்ஜில் வைத்தார்.

இன்னொரு நாள், பெட்ரூம் ஃபேனை மாற்றிவிட்டு, "நேத்து அவ்ளோ தூரம் இதயே பேசிக்கினு வந்தோம், மறந்துட்டியா?" என்றார். நேற்று என்றால் சனிக்கிழமை. சனிக்கிழமை லோயிஸ் ஃபேக்டரியில் நின்ற நிற்பில் கால் வீங்கிப் போயிருந்தவள். யாரிடமோ பேசியதை இவளிடம் பேசியதாக நினைத்துக்கொள்கிற அளவுக்கு முற்றிவிட்டதா?

எல்லாவற்றுக்கும் மேலே அந்தச் சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாடு. லோயிஸ் பக்கத்தில் உட்கார்ந்து குழம்பு ஊற்றியபோது அவர் அவள் கையை முகர்ந்தார். "இப்ப பாரு, மாம்பழ வாசன குப்புனு அடிக்குது. சாயந்தரம் கொஞ்சங்கூட இல்லியே, எப்படி?"

லோயிஸ் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். சாயங்காலம் ஒருத்தி இருந்தாள். அவள் கையில் மாம்பழ வாசனை இல்லை. மறைக்கக்கூடத் தெரியாத புருஷன்! மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்? இவர் முகத்தில் பயமும் இல்லை, திருட்டுத்தனமும் இல்லை. பால் குடித்த குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தார். லோயிஸை மிரட்டியது அதுதான்.

திங்கட்கிழமை அவர் பள்ளிக்கூடம் போன பிறகு, குழுவில் கிடந்த பதிவுகளையெல்லாம் முதலிலிருந்து கேட்டாள். முதல் பதிவில் ஒன்றுமில்லை. அடுத்ததில், கரைக்குக் கீழே எங்கேயோ, தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒன்று. அதற்கடுத்ததில் ஒரு "ம்". அப்புறம் அவர் சொல்லும் கடைசி வார்த்தையைத் திருப்பிச் சொல்வது. வாரத்துக்கு வாரம் குரல் கிட்டே வந்துகொண்டிருந்தது. அதோடு ஒன்றைக் கவனித்தாள். செருப்புச் சத்தம் மட்டும் கடைசி வரை அவருடையது ஒன்றுதான்.

முந்தாநாள் பதிவு புதிது. அதில் அந்தக் குரல் முந்திக்கொண்டது. "இங்க உக்கார கல்லு இருக்கு" என்று அது சொன்னது. "இங்க உக்கார கல்லு இருக்கு" என்று அவர் திருப்பிச் சொன்னார்.

லோயிஸால் தாங்க முடியவில்லை. சாயங்காலம் லீனாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"இது யாரு கொரலுன்னு சொல்லு. கொயர்ல பாடுதே, அந்த தேன்மொழியா?"

லீனா ஒரு தடவைதான் கேட்டாள். சிரித்தாள். "இன்னா அண்ணி வெளையாடறீங்க? உங்க கொரலுதான இது."

"என் கொரலா? நான் இப்படியா பேசறேன்?"

"அவங்கவங்க கொரலு போன்ல அவங்கவங்களுக்கு தெரியாது அண்ணி. 'கல்லு'ன்னு ஒரு இழு இழுக்கறீங்களே, அது உங்கள தவிர யாருக்கு வரும்?" லீனா அவள் தோளில் தட்டினாள். "எங்கிட்ட ஃபேக்டரின்னு சொல்லிட்டு அண்ணனோட ஏரிக்கர சுத்திக்கினு கீறீங்களா? நடக்கட்டும் நடக்கட்டும்."

"லீனா, அது நான் இல்ல. சத்தியமா நான் இல்ல."

லீனாவின் சிரிப்பு மெதுவாக நின்றது. எழுந்து உள்ளே போய்விட்டாள்.

லோயிஸ் கதவைச் சாத்திக்கொண்டாள். தன் போனில் "நடக்கலாம்" என்று சொல்லிப் பதிந்தாள். அதை ஓட்டினாள். பிறகு அவருடையதை ஓட்டினாள். மறுபடி தன்னுடையதை. எது எது என்று தெரியவில்லை. தோப்புப் பக்கம் பார்க்காமல், முள்ளைப் பிடுங்கிக்கொண்டே, யாருக்கென்று தெரியாமல் தான் கொடுத்துவிட்டு வந்த அந்த 'தோத்திரங்க' அப்போதுதான் அவள் ஞாபகத்துக்கு வந்தது.

வேறே ஒரு பொம்பளையாகவே இருந்திருந்தால் தேவலையே என்று அன்றைக்கு நினைத்தாள்.

சனிக்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பும்போது அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னிக்கி ஏரிக்கு போவாதீங்க. எனக்காக."

"நீதான வான்ற, நீயே வராதன்ற?" என்று சிரித்தவர், சட்டென்று நிறுத்திக்கொண்டார். அவளை நெற்றியிலிருந்து கால் வரை பார்த்தார். ஆள் மாறி எழுதிய விடைத்தாளைப் பார்க்கிற பார்வை. "லோயிஸ்… நீ லோயிஸ்தான?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் லீனாவிடம் போய் ஏதோ மெல்லப் பேசினார். இருபது வருஷத்துக்கு மேலான தாம்பத்தியத்தில் அவர் அவளைச் சந்தேகமாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மத்தியானம் வரைக்கும் லாரி விடவில்லை. அப்புறம் தலைவலி என்று சொல்லி, கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஓடி வந்தாள். அவர் போனை எடுக்கவில்லை. காணிப்பாக்கம் பஸ் முழுக்கப் பக்தர்கள், பூ, கற்பூரம், வேர்வை. அங்கிருந்து ஆட்டோ. கரும்புக் கொல்லையில் இறக்கிவிட்டு ஆட்டோ திரும்பிப் போனதும் அந்தச் சத்தமின்மை வந்து காதை அடைத்தது. வெயில் இறங்கிவிட்டிருந்தது. கரையடியில் அவருடைய ஸ்கூட்டர் நின்றது. பக்கத்தில் ரங்கையாவும் ஆடுகளும்.

"ரங்கையா! சார் வந்தாரா?"

"இப்பதானம்மா ரெண்டு பேரும் கட்ட மேல போனீங்க…" என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றார். கரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பீடி விரலிலிருந்து கீழே விழுந்தது.

"ரங்கையா, எந்த ரெண்டு பேரு? சொல்லுப்பா!"

அவர் முதுகைத் திருப்பிக்கொண்டார். ஆடுகளை ஓட்டிக்கொண்டு நடந்தார். அவள் கூப்பிடக் கூப்பிட நடை வேகமாயிற்று. வாயே திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்று புரிந்தபோது லோயிஸ் கூப்பிடுவதை நிறுத்தினாள்.

கரை ஏறினாள்.

தூரத்தில், மதகுப் பக்கம், வெள்ளைச் சட்டை. பக்கத்தில் அரக்குச் சேலை. காலையில் லோயிஸ் கட்டிய அதே சேலை. இப்போதும் அவள் உடம்பில் இருக்கிற அதே சேலை. இரண்டு பேரும் கைகோத்து நடந்துகொண்டிருந்தார்கள்.

"என்னங்க!"

அவர் நின்றார். தோள் இறுகியது. திரும்பவில்லை.

"கேட்டுச்சு லோயிஸ்" என்றார், பக்கத்தில் இருந்தவளிடம். "நீ சொன்ன மாதிரியேதான். அப்படியே உன் கொரலு."

"திரும்பாதீங்க. நடங்க."

லோயிஸ் ஓடினாள். செருப்பு ஒன்று கழன்றது. சுற்றிக்கொண்டு முன்னால் போய் நின்றாள். "என்னங்க, இங்க பாருங்க. நான் லோயிஸ். நான்தாங்க லோயிஸ்!"

பார்க்கவில்லை. அதற்குள் கண்ணை மூடிக்கொண்டுவிட்டார். இறுக்கமாக, இமை சுருங்க. ஒரு கை பக்கத்தில் இருந்தவள் கையில். ஒரு கை மேலே. "ஆண்டவரே, இந்த அசுத்த ஆவிய…"

ஜெபம். ஐயோ. ஜெபம் பண்ணுகிறார். ஆமென் வரைக்கும் திறக்க மாட்டார். குரங்கு வந்தாலும் திறக்க மாட்டார். பெண்டாட்டி வந்தாலும்.

லோயிஸைப் பார்த்தது அவள் மட்டும்தான். அந்த இன்னொருத்தி. லோயிஸ் அவள் முகத்தைப் பார்த்தாள். வகிடு மறுபக்கம் இருந்தது. இல்லை. கண்ணாடியில் பார்க்கிறவளுக்குத்தான் அது மறுபக்கம். ஊருக்கெல்லாம் லோயிஸ் இப்படித்தான். தலை நிறைய மல்லிகை. வாடாத மல்லிகை. அது இமைக்கவில்லை.

லோயிஸ் அதைப் பார்ப்பதை நிறுத்தினாள். புருஷனைப் பார்த்தாள். இரண்டு கையையும் அவர் மூக்கருகே கொண்டுபோனாள். "மோந்து பாருங்க. மாம்பழம். ஃபேக்டரிலேந்து அப்படியே வரேன். உங்களுக்கு தெரியும் இல்ல?"

ஜெபம் தடுக்கியது. மூக்கு விடைத்தது. இமை துடித்தது. "லோயிஸ்…?" என்றார், சின்னக் குரலில். திறந்துவிடுவார். இதோ. இதோ திறந்துவிடுவார்.

"சாயந்தரம் இல்லாத வாசன ராத்திரி எப்படி வருதுன்னு நீங்களே கேட்டீங்களே" என்றது அது, அவர் காதருகே, பிரியமாக. "வீட்ல உங்க பக்கத்துல படுக்கறது யாருன்னு இப்ப தெரியுதா?"

அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கை நெஞ்சுக்குப் போயிற்று.

லோயிஸுக்குத் தெரியும் அது. உதட்டுக்கு மேல் வேர்வை. சாம்பல் நிறம். கரும்பலகை. அன்றைக்கு மாதிரியே. கைப்பையைப் பிரித்து மாத்திரையை எடுத்தாள். அவர் தாடையைத் தொட்டாள். உடம்பு தூக்கிப் போட்டது.

"தொடாத! என்ன தொடாத!"

"மாத்திரைங்க. வாய தொறங்க. உங்க காலுல வுழறேன்…"

தொடத் தொட மூச்சு திணறியது. முட்டி மடங்கியது. அவள் பிடித்தால் பயம். பயம் ஏறினால் நெஞ்சு நிற்கும். விட்டால்?

விட்டால் பிழைப்பார்.

லோயிஸ் கையை எடுத்தாள். பின்னால் நகர்ந்தாள். இன்னும் நகர்ந்தாள்.

அது அவர் சட்டைப் பைக்குள் விரல் விட்டது. எந்தப் பை என்று அதற்குத் தெரிந்திருந்தது. மாத்திரையை எடுத்தது. நாக்கைத் தூக்கி அடியில் வைத்தது. "அவ்ளோதான். அது தள்ளிப் போயிடுச்சு. மெதுவா, மெதுவா மூச்சு வுடுங்க" என்று முதுகைத் தடவிக்கொடுத்தது. லோயிஸ் தடவுகிற அதே மாதிரி. மேலிருந்து கீழாக.

மூச்சு வந்தது. சீராக வந்தது. அதைக் கேட்டு லோயிஸ் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், அப்பாடா என்று. அந்த மூச்சு மட்டும் இருந்தால் போதும் என்று கேட்டவள்தானே அவள்.

கண்ணை மூடியபடியே அவர் நடந்தார். அது கைபிடித்துக் கூட்டிப் போயிற்று. அவளைத் தாண்டி. கரையிறங்கி. தைரியமாகப் பின்னால் போகக்கூட அவளால் முடியவில்லை. கீழே "ஆமென்" என்று கேட்டது. ஸ்கூட்டர் கிளம்பியது. பின்சீட்டில் அரக்குச் சேலை, அவர் தோளில் கை. கரும்புக் கொல்லை திரும்பும்போது அது தலையைத் திருப்பி அவளைப் பார்த்தது. அவ்வளவு நேரம் இமைக்காதது அப்போது இமைத்தது. சரியாக லோயிஸ் இமைத்தபோது.

போன். லீனா.

"லீனா, நான் அண்ணி பேசறேன். அண்ணன் வந்துக்கினு கீறாரு, கூட ஒருத்தி…"

லீனா அழுகிற குரலில் சொன்னாள்: "காலைலயே அண்ணன் சொல்லிட்டுதான் போச்சு. அண்ணி கொரல்ல போன் வரும்னு, ஏரிக்கரைல அண்ணிதான் அதுகிட்ட சொல்லி வெச்சாங்களாம். ரெக்கார்டுல இருக்கறது நான் இல்லன்னு அன்னிக்கி நீங்களே… நீயே சொன்ன இல்ல. எங்க அண்ணிய வுட்டுடு."

வைத்துவிட்டாள். மறுபடி அடித்தபோது போகவில்லை.

இருட்டிவிட்டது. தவளைகள் ஆரம்பித்தன. தூரத்தில் ரங்கையாவின் ஆட்டு மணி.

"ரங்கையா!"

மணி நிற்கவில்லை.

"யாராவது இருக்கீங்களா? யாராவது! தோத்திரம்! தோத்திரம்!"

தண்ணீர் மேல் போய்த் திரும்பி வந்தது அவள் குரல். பதில் இல்லை. யார் கொடுப்பார்கள்? பின்னாலிருந்து கூப்பிடுகிற குரலுக்கு இந்தக் கரையில் யார் பதில் கொடுப்பார்கள்? ஆட்டு மணி தேய்ந்து தேய்ந்து ஓய்ந்தது. தவளைகளும் ஓய்ந்தன.

புளியந்தோப்பு. முதுகுக்குப் பின்னால்.

"தோத்திரம்."

இன்பசேகரனின் குரல். அந்த வாத்தியார்க் குரல். சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"ஏன் அழற? நான் இங்கதான கீறேன். வா. மெதுவா வா. முட்டிவலி இருக்கறவங்ககூட நடக்கலாம்."

முகம் பார்க்காமல் வாய் திறக்கக் கூடாது. தெரியும். எல்லாம் தெரியும். திரும்பிப் பார்த்தால் அந்தக் குரலும் இல்லாமல் போய்விடும் என்பதும் தெரியும்.

"நடக்கலாம்" என்றாள் லோயிஸ்.

திரும்பவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டினாள். பாசி ஒட்டிய கை ஒன்று வந்து, விரல்களுக்குள் விரல் கோத்தது; பின்னாலிருந்து ஒரு மூக்கு மாம்பழ வாசனையை ஆசையாக ஒரு தடவை முகர்ந்தது.